கடிகாரம் இருந்த சுவர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் என் கை பழகியிருக்கிறது. இந்தத் தடவை அந்த வரிக்குக் கை ஓடவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், உன் தங்கையிடம் போனில் மூச்சு விடாமல் பேசினாயாம், உடம்பு முடியாதவன் அப்படிப் பேச மாட்டான். நாங்கள் நலமாக இல்லை. என் வலது காலை இன்னும் தரையில் ஊன்ற முடியவில்லை, உன் அப்பாவுக்கு நெற்றியில் தையல் பிரித்த இடம் இப்போதுதான் ஆறி வருகிறது. போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், கடைசியில் சரிம்மா டென்ஷன் ஆகாதே என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படி, உன் மனைவிக்கும் படிக்கக் கொடு, அவளுக்கும் இதில் பங்கு உண்டு.

நீ அனுப்பிய வழவழப்பான புத்தகம் வந்து சேர்ந்தது. அட்டையில் இரண்டு கிழங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த முதியோர் இல்லத்தில் எங்கள் இருவருக்கும் அறை பேசிவிட்டதாகவும், அம்மா காலை உடைத்துக்கொண்டாள், அப்பா நடு ரோட்டுக்குப் போய்விட்டார், இனிமேல் இவர்களைத் தனியாக விட முடியாது என்றும் உன் தங்கையிடம் சொல்லியிருக்கிறாய். நான் விழுந்ததும் உண்மை, அவர் ரோட்டுக்குப் போனதும் உண்மை. ஏன் போனார் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நீ கேட்காததை நான் சொல்கிறேன்.

உன் அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் முற்றிப் பார்வை போனபோது நீ அங்கே வெளிநாட்டில் புது வேலையில் சேர்ந்திருந்தாய். பாவம், அப்போது நீ தினமும் அழுதாய், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எப்படி எழுந்தார் என்பதை நீ பார்க்கவில்லை. லேத் பட்டறையில் இரும்பைத் தொட்டே அளவு சொன்ன விரல் அல்லவா, அந்த விரலை வைத்துக்கொண்டு வீட்டை மறுபடியும் தெரிந்துகொண்டார். கூடத்துச் சுவரில் இருந்த சாவி கொடுக்கும் கடிகாரத்தின் கண்ணாடியை அவரே கழற்றி எடுத்தார், விளிம்பில் மணிக்கொரு கீறலாக அரத்தால் போட்டுக்கொண்டார், முள்ளைத் தொட்டு மணி சொல்வார். ரேடியோவின் திருகும் குமிழில் செய்தி வரும் இடத்துக்கு ஒரு பள்ளம், பாட்டு வரும் இடத்துக்கு ஒரு பள்ளம். விரலை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றுகிற அந்தக் கறுப்பு டயல் போனில் உன் தங்கைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவரே போடுவார், எனக்கே எண்கள் ஞாபகம் இருக்காது, அவர் விரலுக்கு இருக்கும். நடையில் சுவரை ஒட்டி என் மிதி தையல் மிஷின், அதை அடுத்து செருப்பு அலமாரி, அதை அடுத்து பழைய டிரங்குப் பெட்டி. வருகிறவர்களெல்லாம் இதென்ன நடக்க இடமில்லாமல் என்பார்கள். அவருக்கு அதுதான் கைப்பிடி. மிஷினைத் தொட்டால் பாதி தூரம், பெட்டியைத் தொட்டால் வாசல்.

இதையெல்லாம் எழுதுவதால் அம்மாவுக்குப் பழைய சாமான் மேல் மோகம் என்று நினைத்துவிடாதே. எனக்கு ஒரு மோகமும் கிடையாது. கரி போட்டுத் தேய்க்கிற அந்த இஸ்திரிப் பெட்டியை நீ தூக்கிப் போட்டதற்கு உனக்குக் கும்பிடு போடலாம், அது என் தோள்பட்டையைத் தின்ற பெட்டி. பம்ப் அடிக்கிற ஸ்டவ் போனதற்கும் நான் அழவில்லை, என் புருவ மயிரை அது எத்தனை தடவை பொசுக்கியது என்று எனக்குத்தான் தெரியும். எது குப்பை, எது மனிதனின் கை கால் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றினாய் பார், அதைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறேன், பெயிண்ட் வாடை அப்பாவுக்கு ஆகாது, தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருங்கள் என்றாய். நம்பிப் போனோம். திரும்பி வந்தால் வீடு துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. நீ சும்மா இருக்கவில்லை, நீயே மூட்டை தூக்கினாய், நீயே தரையைத் தேய்த்தாய், உன் உள்ளங்கை கொப்பளித்திருந்ததை நான் பார்த்தேன். அதனால்தான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அடுப்பைத் தொட்டால் எரிகிறது, எங்கே தொட வேண்டும் என்று கண் இருப்பவளுக்கே புரியவில்லை. போன் ஒரு கண்ணாடித் துண்டு. டயல் போனையும் அதன் லைனையும் ஒரேயடியாக ஒழித்துவிட்டாய். சுவரில் கடிகாரம் இல்லை, மேஜை மேல் பேசுகிற பெட்டி ஒன்று, மணி கேட்டால் சொல்லும், பாட்டுக் கேட்டால் பாடும், போன் போடச் சொன்னால் போடும் என்றாய். நீ இருந்த வரைக்கும் அது எல்லாம் செய்தது. நீ பேசினால் கேட்டது. அவர் பேசினால் கேட்கவில்லை.

நீ விமானம் ஏறிய பிறகு நடந்ததைக் கேள். அவர் மணி கேட்பார், அது வானிலை சொல்லும். அவர் சத்தமாகக் கேட்பார், அது மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை என்று பள்ளிக்கூட டீச்சர் மாதிரி சொல்லும். நெட் போனால் அதுவும் கிடையாது. கொஞ்ச நாள் அதனோடு மல்லுக்கட்டினார், பிறகு என்னைக் கேட்க ஆரம்பித்தார், பிறகு என்னையும் கேட்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். நடையில் போகும்போது கையை நீட்டுவார், தொட ஒன்றும் இருக்காது, நின்றுவிடுவார். சொந்த வீட்டில் கழிவறைக்குப் போக என் தோளைப் பிடிக்க வேண்டியதாயிற்று. உன்னிடம் போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லாதே என்று எனக்குக் கை காட்டினார், மகன் ஆசையாகச் செய்திருக்கிறானாம்.

நான் விழுந்ததற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். பின்பக்கப் படி நீ பிறப்பதற்கு முன்பே பாசி பிடித்த படி. காலையில் துணி எடுக்கப் போனவள் சறுக்கி விழுந்தேன், கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கூப்பிட்டேன். மாடியில் குடியிருக்கும் நர்ஸ் வேலைக்குப் போயிருந்தாள், பக்கத்து வீடுகளிலும் யாரும் இல்லை. என் சத்தம் கேட்டு அவர் எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு "எங்கடி இருக்க, தலையில அடியா?" என்றார். தலையில இல்லீங்க, காலுதான், பொண்ணைக் கூப்பிடுங்க என்றேன். உள்ளே போனார். அந்தக் கண்ணாடித் துண்டை அவர் தடவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது, பிறகு சொன்னார், ஐஸ் கட்டியைத் தடவுற மாதிரி இருந்துச்சு என்று. எனக்குக் கேட்டதெல்லாம் அந்தப் பெட்டியோடு அவர் பட்ட பாடுதான். "என் பொண்ணுக்குப் போன் போடு" என்கிறார். மன்னிக்கவும் என்கிறது. மறுபடியும் சொல்கிறார். குரல் உடைந்து போய்ச் சொல்கிறார். அது உங்களுக்காக ஒரு பாடல் என்று சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தது. நான் படியில் கிடக்கிறேன், உள்ளே கல்யாண வீடு மாதிரி பாட்டு ஓடுகிறது, அவர் அதை நிறுத்தத் தெரியாமல் நிறுத்து நிறுத்து என்கிறார்.

பிறகு அவர் குரல் கேட்கவில்லை. வாசலுக்குக் கிளம்பியிருக்கிறார். நடையில் பிடிக்க ஒன்றும் இல்லாததால் வளைந்து போய் நிலைக்கதவில் நெற்றியை இடித்துக்கொண்டார். ரத்தம் வழிய வழியத் தெருவில் இறங்கி, மதில் முடிந்ததும் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நடுவில் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு தண்ணீர் லாரி வந்து அவருக்கு முன்னால் நின்றது. அந்த டிரைவர் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார், பிரேக் பிடிக்காமப் போயிருந்தா நான் இப்ப ஜெயில்ல இருப்பேம்மா என்று. நல்ல மனிதர், லாரியைத் தெருவிலேயே போட்டுவிட்டு என்னைத் தூக்கி ஒரு ஆட்டோவில் ஏற்றினார். மகள் நம்பர் சொல்லுங்க அய்யா என்று அவர் கேட்டபோது உன் அப்பாவுக்கு வாயில் வரவில்லையாம். தெரியும் தம்பி, கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டு விரலைக் காற்றில் சுற்றினாராம், இல்லாத டயலை இருப்பது மாதிரி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எண்ணாகச் சொன்னாராம். டிரைவர் அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்தது உனக்குப் புரிய இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நான் செய்த முதல் காரியம், நீ வண்டியில் ஏற்றிவிட்ட பழைய சாமான் கடைக்காரரைத் தேடச் சொன்னது. உன் தங்கை அலைந்து கண்டுபிடித்தாள். அவர் எல்லாவற்றையும் ஒரு காபி கடைக்குத் தள்ளிவிட்டாராம், பழைய சாமானாகப் பார்த்து அழகுக்கு மாட்டி வைக்கிற கடையாம் அது. டெலிபோன் ஆபீசுக்கும் போனாள். இந்தத் தெருவில் பழைய கம்பியையே உருவிவிட்டோம், உங்கள் வீட்டு லைன்தான் கடைசி, அதையும் உங்கள் அண்ணன் எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டார், இனி வராது என்று கையை விரித்துவிட்டார்கள். ஆக டயல் போன் கிடைத்தாலும் அது பேசாது. அதற்கு உன்னை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றதையாவது பார்ப்போம் என்று கட்டுப் போட்ட காலோடு வாடகை வண்டி பிடித்து மூன்று பேருமாகப் போனோம்.

கடைக்குள் நுழைந்ததும் எனக்கு எதிரே என் தையல் மிஷின் நின்றது. தலையைக் கழற்றிவிட்டு, மேலே பீங்கான் தொட்டி பதித்து, குழாய் வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் அதில் வாய் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தார். உனக்கும் உன் தங்கைக்கும் பள்ளிக்கூட உடுப்பு தைத்த மிஷின். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பாவை உன் தங்கை ரேடியோவிடம் கூட்டிக்கொண்டு போனாள். குமிழுக்குப் போன கையை அவர் வெடுக்கென்று எடுத்தார். உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு மண் போட்டுச் செடி வைத்திருந்தார்கள், இலை அவர் விரலில் பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து வெகு நேரம் கழித்து, "அதுல என்ன செடி?" என்று கேட்டார். மணி பிளான்ட் என்றேன். "நல்லா வளருதா?" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் யாரிடம் சண்டை போடுவது, சொல்.

கடிகாரம் மட்டும் முழுசாக இருந்தது. கண்ணாடி இல்லாத கடிகாரம் என்பதால் ரொம்பப் பழசு என்று எண்ணி நடுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். உன் அப்பா முள்ளைத் தொட்டுப் பார்த்துவிட்டு இது நிக்குதே என்றார். கடைக்காரர் மரியாதையான ஆள்தான், "ஓட விட்டா டிக் டிக்னு சத்தம் வருதுன்னு இங்க வர்றவங்க சொல்றாங்க அய்யா, அதான் நிறுத்தி வச்சிருக்கோம்" என்றார். "எனக்கு அந்தச் சத்தம்தாங்க வேணும்" என்றார் உன் அப்பா. கடைக்காரர் கடைக்கே இதுதான் அழகு என்றார், வேறு ஒன்று வாங்கித் தரட்டுமா என்றார். அதற்குள் இவர் ஆணியிலிருந்து தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்வையில்லாதவர் கையிலிருந்து பிடுங்க அந்த மனிதருக்கு மனம் வரவில்லை, கொண்டு போங்க அய்யா என்றார்.

அத்தோடு போயிருந்தால் இந்தக் கடிதம் பாதியில் முடிந்திருக்கும். மூலை மேஜையில் இருந்த ஒரு பெண், நல்ல பெண்தான், சிரித்த முகமாக எழுந்து வந்து, "அங்கிள், அந்த வீடியோல வர்றவரு நீங்கதானே? நானும் ஃபிரெண்ட்ஸும் எத்தனை தடவை பார்த்தோம் தெரியுமா" என்றாள். உன் தங்கை முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு முன்பே தெரியும், என்னிடம் மறைத்திருக்கிறாள். உன் அப்பா என்ன வீடியோ என்றார். ஆள் மாறிப் பேசுதுங்க, வேற யாரோ என்று நான் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டு உன் தங்கையின் போனைப் பிடுங்கிப் பார்த்தேன்.

மகனே, அதை நீ ஒரு தடவையாவது சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாயா? புது வீட்டை முதல் முறையாகப் பார்க்கும் அப்பா என்று மேலே எழுதியிருக்கிறாய். பார்க்கும் அப்பாவாம். அவர் கூடத்துக்குள் வருகிறார், வழக்கம் போலக் கை கடிகாரத்துக்குப் போகிறது, வெறும் சுவர். கொஞ்சம் மேலே தடவுகிறார், கீழே தடவுகிறார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பின்னால் உன் மனைவி சிரிக்கிறாள், நீ சர்ப்ரைஸ் அப்பா என்கிறாய். அவர் சுவரை விட்டுக் கையை எடுக்காமல் திரும்பி, "இது நம்ம வீடுதானா?" என்று கேட்கிறார். அந்த இடத்தில் நீ பாட்டு சேர்த்திருக்கிறாய். கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் சிரிக்கிற முகமும் இதயமும் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நானும் அவர் பின்னால்தான் வந்தேன், பை தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீ அன்றைக்கே அடி வாங்கியிருப்பாய், இந்த வயதிலும்.

கேலி செய்யணும்னு நினைக்கலைம்மா என்பாய். நீ நினைக்கவில்லை என்று எனக்கும் தெரியும். அப்பாவைப் பற்றி நீ எதையுமே நினைக்கவில்லை, உன் சந்தோஷத்தை நினைத்தாய், அதற்கு அவர் வேண்டியிருந்தார். இப்போது உன் நிம்மதியை நினைக்கிறாய், அதற்கு அந்தப் புல்தரை வேண்டியிருக்கிறது. புதுச் சுவர், புது நடை, புதுக் கதவு, அவர் மறுபடியும் முதலிலிருந்து தடவிக் கற்க வேண்டும், கற்று முடிப்பதற்குள் ஆயுசு முடிந்துவிடும். போக மாட்டோம். பேசிய அறையை ரத்து செய். இதில் இனி பேச்சு இல்லை, உன் தங்கையைத் தூது விடாதே, அவள் காதிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொள். தங்கை ஒரு பட்டன் போன் வாங்கி வந்தாள், அதுவும் இப்போது கடைகளில் அருகிவிட்டதாம், தேடித்தான் கிடைத்தது. ஐந்தின் மேல் ஒரு சின்ன மேடு இருக்கிறது, அதிலிருந்து கணக்குப் பண்ணி அழுத்தப் பழகிவிட்டார். டயல் அளவுக்கு வராது என்கிறார், ஆனால் நேற்று உன் தங்கைக்கு அவரே போட்டுப் பேசினார், ஒன்றும் விஷயமில்லை, சும்மாதான் என்றார். நடையில் நர்ஸின் தம்பி வந்து சுவர் நெடுக ஒரு குழாயை அடித்துக் கொடுத்தார். பார்க்கக் கண்றாவியாக இருக்கிறது, ஆஸ்பத்திரி மாதிரி. அவர் என் தோளைப் பிடிக்காமல் போகிறார், எனக்கு அது போதும். பேசுகிற பெட்டியை மாடிக்குக் கொடுத்துவிட்டேன். நர்ஸ் கேட்டால் பாடுகிறதாம்.

வீட்டுச் சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது. அதை நீ தூர எறிந்துவிடலாம், பூட்டை மாற்றிவிட்டேன். வீடியோவை எடுத்துவிடு. நாளைக்கு என்று வைக்காதே, இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் எடு. ஊரெல்லாம் அது பரவியிருக்கும், அதை நீ எடுக்க முடியாது என்று தங்கை சொல்கிறாள். முடிந்ததை எடு, முடியாததோடு நீ இரு. அப்பாவுக்கு இது தெரியாது. அன்றைக்கு நீங்கள் சிரித்ததைக்கூட, பிள்ளைங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் சொல்ல மாட்டேன், உனக்காக இல்லை.

யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார், உனக்கு என்றேன். கடுமையா எழுதாத என்றார். அங்கே குளிராக இருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்லு, இருமல் வந்தால் அலட்சியம் வேண்டாம் என்று சொல்லு, மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசி, நூறு வயசு நல்லா இருக்கட்டும் என்றார். சொன்னபடியே எழுதிவிட்டேன். இந்த ஆசி அவருடையது, முழுக்க அவருடையது, என்னுடையதை இதில் சேர்த்து எண்ணிக்கொள்ளாதே.

வர வேண்டும் என்று தோன்றினால் வா. பெல் அடிக்காதே, கதவைத் தட்டு. தட்டுகிற கையை வைத்தே யாரென்று கண்டுபிடித்துவிடுவார், அவர் வந்து திறப்பார். நான் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா